வைகுண்டராஜ் கிழித்த கோடு

பெண்டாட்டி கிழித்த கோட்டைத் தாண்டாதவர் என்று ராஜபாளையத்தில் தெருவுக்கு ஒருவர் உண்டு. மேலத்தெருவுக்கு வைகுண்டராஜ். நூல் மில்லில் ஓய்வு பெற்ற மறுநாளே முன்னறையில், ஃபேனுக்கு நேர் கீழே சாய்வு நாற்காலியைப் போட்டுச் சாய்ந்தவர். அந்த இடத்தில்தான் கிரைண்டர் வைத்து மாவுக் கடை போடப்போவதாக அவர் மனைவி சண்முகத்தாய் அறிவித்துவிட்டாள். நாற்காலி பரணுக்காம்.

விடுவாரா மனுஷன்? இந்தத் தடவை கோட்டை நாமே கிழிப்பது என்று தீர்மானித்தார். மாவட்ட வரைபடத்தை விரித்தார். வில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை மலைமேல் பெருமாளுக்கு ஒரு புள்ளி, மம்சாபுரத்துக் கோயிலுக்கு ஒரு புள்ளி. ஸ்கேலை வைத்து ராஜபாளையம் வரைக்கும் ஒரே இழுப்பு. பென்சில் மொட்டை என்பதால் கோடு நாலு தெரு அகலத்துக்கு வந்தது. அதில் ஒரு தெரு அவருடையது.

“ஏட்டி, இஞ்ச வா! பழைய கோயிலெல்லாம் ஒரே நேர்கோட்டுல இருக்கு. அந்தக் கோட்டுல சக்தி ஓடுது. அது சரியா என் நாற்காலி வழியா போகுது!”

“நெசமாவா?”

“மிஷின் கிஷின் வச்சா சக்தி கலைஞ்சிரும். ஒரு ஆள் அசையாமச் சாஞ்சு கெடக்கணும். வில்லிபுத்தூர்ல பெருமாளே பள்ளிகொண்டுதான இருக்காரு!”

சண்முகத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கிரைண்டர் கொல்லைப்புறம் போனது. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் வெற்றி! வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில் சொன்னார். சலூனில் சொன்னார். ரேஷன் கடையில் யாரும் கேட்காமலே சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை பல் தேய்த்துவிட்டு வந்தால் நாற்காலியைக் காணோம். அந்த இடத்தில் மாலையும் சந்தனமுமாகக் கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் பாத்திரமும் கையுமாகப் பெண்கள் கூட்டம்.

“என்னட்டி இது? மிஷின் ஆகாதுன்னு சொன்னம்லா!”

“கோயில்னா மடப்பள்ளி வேண்டாமா? சக்தி ஓடுற எடத்துல ஆட்டுன மாவு அம்புட்டும் பிரசாதம்லா. ஊரு பூரா நீங்கதான சொல்லி வச்சிருக்கிய.”

“பெருமாளே படுத்திருக்காரேட்டி…”

“படுத்திருக்காரு. என்னிக்காவது படுத்தமேனிக்குக் காப்பி கேட்டாரா?”

வாசல் கொல்லென்று சிரித்தது. வைகுண்டராஜுக்கு முகத்தை வைத்துக்கொள்ள இடம் தெரியவில்லை.

கூட்டம் முண்டியடித்தது. சண்முகத்தாய் கோலப்பொடி டப்பாவோடு வந்து, வாசலில் குறுக்கே ஒரு கோடு கிழித்தாள். ஸ்கேல்கூட வைக்கவில்லை, அப்படி ஒரு நேர்.

“ஏங்க, யாரும் இதத் தாண்டாமப் பாத்துக்கிடுங்க.”

அன்று மாவு தீருவதற்குள் எல்லாரும் ஒரு தடவையாவது அதைத் தாண்டிவிட்டார்கள், வைகுண்டராஜைத் தவிர.