குச்சி நைனாவின் காருக்கு எந்த ஆயில்?

அடுத்தவர் காரின் பானட்டைத் திறந்து பார்க்காமல் காலை டீயைத் தொடாத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் முகப்பேரில் நான் குடியிருந்த பிளாக்கின் தரைத்தளத்தில் இருந்தார். பெயர் என்னவென்று கேட்காதீர்கள். ரேஷன் கடையில்கூட அவரைக் குச்சி நைனா என்றுதான் கூப்பிட்டார்கள்.

குச்சி என்றால் எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கிற குச்சி. விடிந்ததும் பழைய பனியன் துணி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்துவிடுவார். எந்தக் கார் கிளம்பினாலும் குறுக்கே நின்று கையைக் காட்டுவார். பானட்டைத் திறந்தே ஆக வேண்டும். குச்சியை உருவுவார், துடைப்பார், மறுபடி விட்டு எடுப்பார். நுனியில் நிற்கும் ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்ப்பார், முகர்வார், வானத்தைப் பார்ப்பார். எங்கள் குடியிருப்பில் தன் சர்க்கரை அளவு தெரியாதவர்கள் உண்டு. வண்டியின் ஆயில் அளவு தெரியாதவர் ஒருவரும் இல்லை.

இத்தனை ஞானம் எங்கிருந்து வந்தது? அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர்.

நான் கால் டாக்சி ஓட்டுகிறவன். எனக்கு அதிகம் பேச வராது. அதனால் என் வண்டியிடம்தான், எனக்கு வலது பக்கமாக, அவர் அதிக நேரம் நிற்பார். "கறுத்துகினு கீதுன்னு பயப்படாத. வூட்டத் தொடச்ச துணி கறுக்காம வெளுக்குமா? ஆயில் வேல செஞ்சிகினு கீது, போய்ட்டு வா" என்பார். நான் தலையை ஆட்டுவேன். அதுதான் எனக்குச் சவாரி உத்தரவு.

ஊருக்கெல்லாம் உத்தரவு போட்டவரின் சொந்தக் கார் மட்டும் அசையாமல் நின்றது. பச்சை நிறத்தில் பழைய பெட்ரோல் கார். ஒருநாள் பழைய ஆயிலை வடித்துவிட்டு, அடி போல்ட்டை முறுக்கிவிட்டு, புது ஆயில் வாங்கக் கிளம்பினாராம். கடைக்காரர் "சாதா ஆயிலா, சிந்தெடிக்கா?" என்று கேட்டிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்தவர்தான். வருடக்கணக்காக யோசித்துக்கொண்டே இருந்தார். வாராவாரம் காரைக் கழுவுவார், டயருக்குக் காற்றடிப்பார், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவார். ஆயில் மட்டும் இல்லை.

"என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போனப்பவும் இப்டித்தான்" என்பார் அவர் மனைவி சரோஜாம்மா. "யோசிச்சி சொல்றேன்னு போனாரு. எங்கப்பா வேற மாப்பிள்ள பாக்க ஆரம்பிச்சப்புறம்தான் ஓடியாந்தாரு."

நைனாவுக்கு அறிவுரை சொல்ல இரண்டு கட்சிகள் இருந்தன. பள்ளிக்கூட வேன் ஓட்டும் முனுசாமி சாதா ஆயில் கட்சி. "நைனா, இது கெயட்டு எஞ்சினு. சிந்தெடிக் தண்ணி மாரி இருக்கும். ஊத்துனா இடுக்கு இடுக்கா ஒழுகிப்பூடும். நம்ம ஆயிலு கெட்டி, சும்மா கும்முனு நிக்கும்."

மூன்றாம் மாடி விக்டர் சிந்தெடிக் கட்சி. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். "அங்கிள், எந்த காலத்துல இருக்கீங்க? சிந்தெடிக் போட்டா சாவி திருப்புன உடனே எஞ்சின் முழுக்கப் போயிடும். விலை கூடத்தான், ஆனா அடிக்கடி மாத்த வேணாம்."

"காரே ஓடலயாம், அடிக்கடி இன்னாத்த மாத்துறது?" என்பார் முனுசாமி.

இந்தச் சமயத்தில் யாரோ ஒரு புண்ணியவான், இரண்டுக்கும் நடுவில் செமி சிந்தெடிக் என்று ஒன்று இருப்பதாக நைனாவின் காதில் போட்டுவிட்டார். "இது வேற தனியா கீதா?" என்று கேட்ட நைனாவுக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் குடியிருப்போர் சங்கம் தலையிட்டது. தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைப் பேச நாலு பேர் சேராத சங்கக் கூட்டத்துக்கு அன்று நாற்காலி போதவில்லை. ஓடாத வண்டி இனி உள்ளே நிற்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ஆயுத பூஜையன்று நைனாவின் கார் தானாக ஓடி கேட்டைத் தாண்டி ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் காயலான் கடை.

நைனா அன்றைக்கு யார் பானட்டையும் திறக்கவில்லை. தன் காரின் மேல் கையை வைத்தபடி நின்றிருந்தார்.

பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம். நைனா பூசணிக்காய் வாங்கப் போயிருந்தார். நான் என் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். முனுசாமி ஒரு டப்பாவோடு வந்து பச்சைக் காரின் பானட்டைத் தூக்கி மொத்தத்தையும் கவிழ்த்தார். "பெருசு ரோசன பண்ணிகினே இருக்கும், வண்டி காயலானுக்குப் பூடும். அதான் நம்ம ஆயில ஊத்திட்டேன். அவராண்ட சொல்லாத மாமே. நீ எங்க சொல்லப்போற!" என்று போய்விட்டார்.

சற்று நேரத்தில் விக்டர் இறங்கி வந்தார். அவர் கையிலும் டப்பா. எஞ்சின் காலி என்பது ஊரறிந்த விஷயம் ஆயிற்றே, யார் குச்சியை எடுத்துப் பார்ப்பார்கள்? "பாவம்ணே பெரியவர். முனுசாமியண்ணனுக்குத் தெரிய வேணாம், கத்துவாரு." நான் வாயைத் திறப்பதற்குள் டப்பா காலி. சொல்லலாம் என்று நிமிர்வதற்குள் அவர் மாடியேறிவிட்டார்.

மறுநாள் பச்சைக் காருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். நைனா செய்தித்தாள் சுற்றிய டப்பாவோடு வந்தார். "முடிவு பண்ணிட்டேன்" என்றார். இரண்டு கட்சியும் மூச்சை அடக்கியது. மூடியைத் திறந்து ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் ஆயில் வாய் வரை வந்து வெளியே வழிந்தது.

"இன்னாது, உள்ள ஊத்துனா திரும்பி வருது!"

வருடக்கணக்காக ஊரார் குச்சியை உருவிய மனிதர், அன்றுதான் தன் குச்சியை உருவினார். பிடி வரைக்கும் ஆயில். நிமிர்ந்து பார்த்தார். முனுசாமி வேப்பமரத்தைப் பார்த்தார். விக்டர் போனைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"யோவ், நீயா அதுல சிந்தெடிக்க ஊத்துன?"

"நீங்க ஏண்ணே சாதாவ ஊத்துனீங்க? ரெண்டும் சேந்தா பால் மாதிரி திரிஞ்சிடும்!"

நைனா என் பக்கம் திரும்பினார். "நீ இங்கதான வண்டி கய்விகினு இருந்த? பாத்தியா?"

நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

கூச்சல் போடுவார் என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். அவர் குச்சியை மெதுவாகத் துடைத்தார். "ரெண்டு பேருமா?" என்றார். "எனக்கோசரம் ரெண்டு பேருமா ஊத்துனீங்க?"

முனுசாமி திரும்பவும் வேப்பமரத்தைப் பார்த்தார்.

நைனா வேட்டியை மடித்துக் கட்டிக் காருக்கு அடியில் படுத்தார். போல்ட்டைத் தளர்த்தி, கூடுதல் ஆயிலை ஒரு வாளியில் வடித்து, அளவு சரியானதும் முறுக்கினார். "ஏறு" என்று என்னைக் கூப்பிட்டார். "நீ ஒருத்தன்தான் எந்தக் கட்சியும் இல்ல."

சாவியைத் திருப்பினார். கார் இருமியது. போகிக்கு டயர் கொளுத்தியதைப் போலக் குடியிருப்பு முழுவதும் புகை. புகைக்குள்ளிருந்து சரோஜாம்மாவின் குரல் மட்டும் கேட்டது: "நிறுத்திடாதீங்க, அப்டியே போங்க!" எலுமிச்சம்பழம் நசுங்க, கேட்டைத் தாண்டினோம். அவ்வளவு பெரிய கைதட்டலை நான் கேட்டதில்லை. திரும்பி வந்தபோது வாளி ஆயிலில் வாட்ச்மேன் கேட்டுக்கே எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஜெயித்தது எங்கள் ஆயில்தான் என்று இரண்டு கட்சியும் இனிப்பு கொடுத்தது.

காருக்குள் உருண்டு கிடந்த டப்பாவில் செய்தித்தாள் கிழிந்திருந்தது. செமி சிந்தெடிக். முதல்முறையாக நானே வாயைத் திறந்து கேட்டேன். "இப்ப உள்ள என்ன ஆயில் நைனா?"

"யாருக்குத் தெரியும்? நம்ம காலனி ஆயிலு. ஓடுதா இல்லியா?"

மறுநாள் டயருக்குக் காற்றடிக்கப் போனவரிடம் பெட்ரோல் பங்கில் "சாதா காத்தா, நைட்ரஜனா?" என்று கேட்டிருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்துவிட்டார். கார் மறுபடியும் நின்றது. இந்தமுறை சங்கத்தில் யாரும் தீர்மானம் போடவில்லை.

வாடகை கட்டுப்படியாகாமல் நான் இப்போது அண்ணனூருக்கு வந்துவிட்டேன். காலையில் பானட்டைத் திறந்து குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுக்கிறேன். பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரியும். இருந்தாலும் அதை வலது பக்கமாக ஒரு தடவை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.