சேர்வருக்குப் பிடித்த சனி

புரட்டாதி பிறந்ததும் கொழும்புத் தமிழ்க் கணினி நிரலாளர்களுக்குப் பக்தியும் பிறந்தது. வெள்ளவத்தையில் ஒரு நிறுவனத்தில் சேர்வருக்குப் பக்கத்தில் எள்ளெண்ணெய் எரிந்தது. தெஹிவளையில் ஒருவர் மடிக்கணினியின் நான்கு மூலையிலும் திருஷ்டி கழிக்கத் தேசிக்காய் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். எல்லாரும் பட்டதாரிகள். சும்மா ஆட்கள் இல்லை.

காரணம் கொட்டாஞ்சேனை ஸ்ரீஸ்கந்தராசா. எங்கள் நிரலாளர் மின்மடற்குழுவின் புது உறுப்பினர். குழு அவரைச் 'சேர்வர் சித்தர்' என்றது. "புதனன்று ஒரு பெரிய இணையத்தளம் முடங்கி விழும்" என்று திங்களன்றே எழுதியிருப்பார், புதனன்று விழுந்திருக்கும். "வியாழன் மின்சாரம் போகும்" என்றிருப்பார், போயிருக்கும். இலங்கையில் மின்சாரம் போவதைச் சொல்ல ஞானக்கண் தேவைப்பட்டது, பாருங்கள்! தங்கள் சேர்வருக்கு என்ன தோஷம் என்று கேட்டு நிரலாளர்கள் அவர் வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள். அவர் 'சேர்வர் சாந்தி' செய்தார். காணிக்கையை வங்கிக் கணக்குக்கும் அனுப்பலாம். நவீன சித்தர் அல்லவா?

அந்த மடற்குழுவின் மட்டுறுத்துநர் நான். எந்த மடல் உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று தீர்ப்பளிக்கும் பெரிய மனிதன். சம்பளம் கிடையாது, அதனால் தலைக்கனம் இரட்டிப்பு. விதிகளையும் நானே எழுதினேன். புது உறுப்பினரின் மடல் என் அனுமதிக்காகக் காத்திருக்கும். பயனற்ற மடல் குழுவுக்குப் போகாது. புதுக்கடை நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்கிறவர்கள்கூட அவ்வளவு மிடுக்காக இருந்திருக்க மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மயூரி என் வீட்டுக்கு வந்தாள். குழுவில் இருக்கும் பிள்ளை. திலக்ஷன் என்பவரின் சின்ன நிறுவனத்தில் வேலை செய்கிறாள். வந்ததும் வராததுமாகத் தொடங்கினாள்.

"அண்ணை, மருந்து விக்கிற பாமசிக்குச் செய்த சொஃப்ட்வெயரை வாற வெள்ளிக்குள்ள ஏத்தவேணும். ஏத்தாட்டி அவை வேற ஆக்களிட்ட குடுத்திடுவினம். அது போனா என்ர வேலையும் போச்சு. எங்கட பொஸ் என்னண்டா, புரட்டாதி முடியுமட்டும் ஏத்தக்கூடாதெண்டு சித்தர் சொன்னவராம் எண்டு நிக்கிறார்."

"அவர் சொன்னாப் பலிக்கும், பிள்ளை" என்றேன். என் பகுத்தறிவு அந்த அளவில்தான் இருந்தது.

"அவற்ற மெயில் எல்லாம் குழுவுக்கு வருதோ?"

"சீச்சீ! கண்டதையும் விடுறேல்லை. கிழமை நாளில எனக்கு நேரமில்லை. சனிக்கிழமை இருந்து பாத்து, பிரயோசனமானதை மட்டும் விடுவன்."

"பிரயோசனமில்லாதது எது?"

"நடக்காதது. தளம் விழுமெண்டு எழுதியிருப்பார், விழுந்திருக்காது. அதை ஏன் சனத்துக்குக் காட்டுவான்? அழிச்சுப்போடுவன்."

மயூரி என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேத்தண்ணி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தேன்.

"அண்ணை, இந்த ஒரு கிழமை முழுக்க அவற்ற மெயில் ஒண்டையும் மறிக்காதேங்கோ. வந்த உடன போகட்டும்."

"விதி இருக்கே!"

"விதியை எழுதினது நீங்கள்தானே, பிரமன் இல்லையே?"

தடையை எடுத்தேன், சித்தருக்குச் சொல்லவில்லை.

திங்கள் காலை மடல் மழை. "புதனன்று தளம் விழும்." அதற்குப் பின்னாலேயே, "புதனன்று எந்தத் தளமும் விழாது." வியாழன் மின்சாரம் போகும். போகாது. வெள்ளி மழை. வெள்ளி வெயில். எல்லாம் ஒரே ஞானக்கண்ணில் தெரிந்தவை! ஒரேயடியாக அனுப்பும்படி மனிதர் நிரல் எழுதி வைத்திருந்தார். நிறுத்த அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

சனிக்கிழமைகளில் இரண்டையும் பார்த்து ஒன்றை அழித்த எனக்கே அப்போதுதான் உறைத்தது. கணினி படித்த நாங்கள் மடல் எழுதப்பட்ட நாளைப் பார்த்து வியந்தோம். அது எங்கள் கைக்கு வந்து சேர்ந்த நாளை ஒருவரும் பார்க்கவில்லை. திங்கள் எழுதியது சனிக்கிழமைதான் வந்தது. அதற்குள் புதனும் போய், வியாழனும் போய்விட்டது.

கோபத்தோடு சித்தருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"என்னையா, சனத்தை இப்பிடியோ ஏமாத்துறது?"

"நான் எல்லாத்தையும்தானே தம்பி அனுப்பினனான்? பலிக்காமப் பிழைச்சதை ஒளிச்சது ஆர்?"

தொலைபேசியை வைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவராவது காணிக்கை வாங்கிக்கொண்டு ஏமாற்றினார். நான் ஒரு சதமும் வாங்காமல் அவரைச் சித்தராக்கி விட்டிருந்தேன்.

திலக்ஷன் அரை மனதோடு சம்மதித்தார். மயூரி வெள்ளிக்கிழமை, அதுவும் இராகு காலத்தில், மென்பொருளை ஏற்றினாள். பிழை ஒன்று வரத்தான் செய்தது. அவள் எள்ளெண்ணெய் தேடவில்லை. திரையில் வந்த பிழைச்செய்தியை வாசித்தாள், திருத்தினாள். பாமசிக்காரருக்குத் திருப்தி. அவள் வேலையும் தப்பியது.

சித்தரைக் குழுவிலிருந்து நீக்கினேன். இப்போது அவர் சொந்தமாக ஒரு மடற்குழு நடத்துகிறார், மட்டுறுத்துநரும் அவரே. எங்கள் குழுவில் பாதிப்பேர் அங்கே போய்விட்டார்கள். போகிறவர்களே, பலித்ததைக் காட்டுகிறவரிடம், பலிக்காததை எங்கே வைத்திருக்கிறீர் என்று ஒரு தடவை கேளுங்கள். அதற்குப் பட்டம் தேவையில்லை. என்னிடம் பட்டம் இரண்டு இருந்தும் கேட்கவில்லையே!