சுவரில் நான் விட்ட ராக்கெட்

நல்லது செய்தே தீருவது என்று கிளம்பிவிட்டவனை யாராலும் தடுக்க முடியாது. அதிலும் அவனுக்குச் சனிக்கிழமை விடுமுறையாக இருந்து, கையில் பெயிண்ட் பிரஷ்ஷும் கிடைத்துவிட்டால் ஊர் கொஞ்சம் ஒதுங்கி நிற்பது நல்லது. அனுபவத்தில் சொல்கிறேன். பிரஷ்ஷைப் பிடித்திருந்தவன் நான்.

சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை, கிழக்குத் தாம்பரத்தில் வீடு. தினமும் கம்பெனி பஸ்ஸில் போகவர ஆகும் நேரத்தில் நாட்டைத் திருத்துவது என் வழக்கம். (மற்றவர்கள் தூங்குவார்கள். எனக்குக் குறட்டை வரும், அதனால் திருத்துவேன்.) அப்படி ஒரு நாள் எங்கள் தெருமுனையிலிருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளி என்னிடம் அகப்பட்டுக்கொண்டது. ‘நகரத்து அரசுப் பள்ளிகளை மேம்படுத்தச் சில யோசனைகள்’ என்று ஒரு பிரசன்டேஷன் தயாரித்தேன். கம்பெனியில் கைதட்டி, சமூக சேவைக்கு ஒதுக்கியிருந்த பணத்தில் கொஞ்சம் தந்தார்கள்.

பள்ளியில் தலைமை ஆசிரியையையும் சேர்த்து மூன்று ஆசிரியைகள். அவர்களை உட்காரவைத்து எல்லா ஸ்லைடுகளையும் காட்டினேன். ஒன்றாம் வகுப்பு ஸ்டெல்லா டீச்சர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “சார், பசங்க பாத்ரூம்ல தண்ணி வரமாட்டேங்குது. மொதல்ல அத மட்டும் பாத்துக் குடுத்தீங்கன்னா போதும்” என்றார்.

பைப்புக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தால் யார் பார்ப்பார்கள்? “அது அடுத்த கட்டம் டீச்சர். மொதல்ல க்ளாஸ்ரூம்” என்றேன்.

அது மார்ச் மாதம். வரும் கல்வியாண்டுக்கான சேர்க்கை தொடங்கும் நேரம். ஒரு சனிக்கிழமை காலை தலைமை ஆசிரியை சாவியைக் கொடுத்து, “சுவரெல்லாம் பளிச்சுனு பண்ணிக் குடுங்க சார்” என்று சொல்லிவிட்டு ஏதோ மீட்டிங்குக்குப் போய்விட்டார். ஸ்டெல்லா டீச்சருக்கு அன்று பயிற்சி வகுப்பு. ஆக, கேட்பதற்கும் ஆளில்லை, தடுப்பதற்கும் ஆளில்லை.

ஒன்றாம் வகுப்பு அறையில் தரையிலிருந்து இடுப்பளவுக்கு நாலு சுவரும் கறுப்பாக இருந்தன. அதில் வெள்ளைக்கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தது. கட்டத்துக்குள் சாக்பீஸில் ஏதேதோ பெயர்கள்.

“என்ன மச்சான், கீழ மட்டும் கறுப்பா இருக்கு?” என்று கேட்டான் கூட வந்த மணி. ஆபீசில் எனக்குப் பக்கத்து சீட்.

“ஓதம்டா. ஈரம் ஏறுறது தெரியக்கூடாதுன்னு கறுப்பு அடிச்சிருக்காங்க. கவர்மென்ட் வேலை அப்படித்தான்” என்றேன். எங்கிருந்துதான் அவ்வளவு தைரியம் வந்ததோ தெரியவில்லை. அதோடு விட்டேனா? “சுவர்ல கிறுக்குற பழக்கத்தை மொதல்ல ஒழிக்கணும்” என்று ஒரு சிறு சொற்பொழிவு வேறு ஆற்றினேன். ஈரத்துணியால் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் துடைத்தது இந்தக் கைதான்.

சாயங்காலத்துக்குள் சுவர் முழுக்க யானை, மயில், கடல், மீன். வாசலுக்கு நேரே நெருப்புக் கக்கிக்கொண்டு ஒரு ராக்கெட். எல்லாம் நயமான எனாமல் பெயிண்ட். வழவழவென்று முகம் தெரியும். செல்ஃபி எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். “அந்த டீச்சர்கிட்ட கேட்டீங்களா?” என்று பதில் போட்டாள் என் மனைவி ரேவதி. ‘சர்ப்ரைஸ்’ என்று பெருமையாகத் தட்டினேன்.

திங்கட்கிழமை பாராட்டு வாங்குவதற்காக லீவு போட்டுவிட்டுப் போனேன். வளாகத்தில் ஒரே கூட்டம். பக்கத்து அங்கன்வாடிப் பிள்ளைகளின் பெற்றோரை ஸ்டெல்லா டீச்சர் வீடு வீடாகப் போய் அழைத்திருந்தார். ‘எங்க பசங்க எழுதுறதை வந்து பாருங்க, அப்புறம் எங்க சேர்க்கிறதுன்னு முடிவு பண்ணுங்க’ என்று சொல்லியிருந்தாராம். இது எனக்குத் தெரியாது. அறையின் நிலவரம் அவருக்குத் தெரியாது.

வாசலில் வந்து நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். “சார்... போர்டு?”

“அங்க இருக்கே டீச்சர்” என்று முன்னாலிருந்த பெரிய கரும்பலகையைக் காட்டினேன்.

“அது என்னோட போர்டு சார். இவங்களோடது?”

எனக்கு அப்போதும் புரியவில்லை. அதற்குள் பிள்ளைகள் உள்ளே ஓடிவந்து, தினமும் செய்வதுபோல, சுவரைப் பார்த்து வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். என் ஓவியத்தில் சொக்கிப்போய் உட்கார்ந்துவிட்டார்கள் என்று நினைத்து போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தேன். (அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. நான் பார்ப்பதில்லை.)

பிள்ளைகள் சாக்பீஸை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கறுப்பு, ஓதத்தை மறைக்க அடித்ததல்ல. உட்கார்ந்த இடத்திலேயே எழுதிப் பழக, பிள்ளைக்கு ஒரு கட்டமாகச் சுவரிலேயே அடித்துக் கொடுத்திருந்த கரும்பலகை. கட்டத்துக்குள் இருந்தவை அவரவர் பெயர்கள்.

ராக்கெட்டின் நெருப்புக்கு நேராக கீர்த்தனா என்ற சிறுமி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், அங்கன்வாடிக்குப் போகும் அவள் தம்பியைக் கையில் பிடித்தபடி பின்னால் நின்றிருந்தார். அவள் ‘கீ’ என்று எழுதினாள். எனாமலில் சாக்பீஸ் வழுக்கியது. அழுத்தி எழுதினாள். சாக்பீஸ் ஒடிந்தது. தன் கட்டம் எங்கே போனது என்று சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள்.

“இன்னா டீச்சர், பேரு எழுதும்னு சொன்னீங்கோ?” என்றார் அப்பா.

“நல்லா எழுதுவா அண்ணா. இந்த போர்டுதான்...” என்று டீச்சர் ஆரம்பித்தார். என் பக்கம் கை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அவசரமாகப் பெரிய போர்டுக்குக் கீர்த்தனாவை அழைத்துப்போனார். அவளுக்கு அது எட்டவில்லை. அத்தனை பேர் பார்க்க அழுதுவிட்டாள்.

“செவுரு சோக்காத்தான் கீது. புள்ள எழுதலியே” என்று சொல்லிவிட்டு அவர் மகனோடு வெளியே போனார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலரும் போனார்கள். நடந்ததை நான்தான் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மயிலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

மறுநாளே தின்னரும் கத்தியும் வாங்கிப்போய்ச் சுரண்டினேன். பெயிண்ட்டோடு பூச்சும் சேர்ந்து வந்தது. சுவரைப் பூசி, காயவைத்து, போர்டு பெயிண்ட் அடித்து முடிக்கும்வரை பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். நான் செலவைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா டீச்சரின் கவலை வேறு. ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் மிகவும் குறைவு. கீர்த்தனாவின் தம்பியை வேறு பள்ளியில் சேர்த்து, அவளையும் அங்கேயே மாற்றிவிட்டார்கள். பிள்ளைகள் குறைந்தால் அரசு விதிப்படி ஓர் ஆசிரியை உபரி. கடைசியாக வந்து சேர்ந்தவர் ஸ்டெல்லா டீச்சர், அதனால் அவரைப் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். என்னால்தானா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. இல்லை என்று ஒருமுறைகூட என்னால் நினைக்க முடிந்ததில்லை.

அவர் கிளம்பும் நாளில் மன்னிப்புக் கேட்கப் போனேன். “விடுங்க சார், நல்லதுன்னு நெனச்சுத்தான பண்ணீங்க” என்று சொல்லி எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

எங்கள் வீட்டில் இப்போது நான் எதையாவது சரிசெய்யக் கிளம்பினால், அது மிக்ஸியோ மேஜையோ, “அப்பா, அது யாரோட போர்டுன்னு கேட்டுட்டுத் தொடுங்க” என்பாள் என் மகள். சொந்தக்காரர்கள் வந்தால் ரேவதிதான் கதை சொல்வாள். ஓதம், சொற்பொழிவு, ராக்கெட், செல்ஃபி. ஆட்டோக்காரர் வரும் இடத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவாள். அவளுக்கு என்மேல் அவ்வளவு கருணை.

போன மாதம் மச்சினர் வீட்டு கிரகப்பிரவேசத்திலும் சொன்னாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மச்சினர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “அந்த டீச்சர் உங்கள சும்மாவா விட்டாங்க?” என்று கேட்டார்.

“சும்மாதான் விட்டாங்க” என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள்.