வீட்டுக்காரர் விரலும் மாப்பிள்ளையின் கிளாம்பும்

அன்புத் தங்கைக்கு,

அண்ணனின் ஆசிகள். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முப்பது வருடம் பத்திரிகையில் செய்தி எழுதியவன்; சரிபார்க்காததை எழுதக் கை வரவில்லை. அங்கே நீ நலமாக இருப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உன் கணவர்தான் இங்கே இருக்கிறாரே.

உங்கள் சண்டையில் இரு தரப்பையும் விசாரித்துவிட்டேன். தச்சர்கள் பலகையோடு பலகையை ஒட்டும்போது அழுத்திப் பிடிக்க மாட்டுகிற கிளாம்பை, அதிலும் கொடியும் பூவுமாக வார்த்த பழைய பித்தளைக் கிளாம்பை, மாப்பிள்ளை சேர்க்கிறார். அதில் ஒன்றுக்கு நட்டு இல்லை. நீ பாவம், ஆசையாகக் கடைக்குப் போய்ப் புது நட்டு வாங்கிப் பொருத்தி, கிளாம்பையும் பளபளவென்று துலக்கி வைத்தாய். "நூறு வருஷக் களிம்பு போச்சே" என்று அவர் உட்கார்ந்து அழ, "உங்களுக்குத்தான் நட்டு கழண்டிருக்கு, அதுக்கு எந்தக் கடையில நட்டு கிடைக்கும்?" என்று நீ கேட்டிருக்கிறாய். கேள்வியில் தவறில்லை. அதற்கு அவர் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்ததுதான் தவறு.

பெட்டியில் சட்டை இரண்டு, மற்றதெல்லாம் கிளாம்பு. எல்லாம் சாப்பாட்டு மேசையில் வரிசையாக இருக்கிறது. நாங்கள் தட்டைக் கையில் ஏந்தி நிற்கிறோம். "அண்ணே, ஓரமா கொஞ்சம் இடம் விடுங்க" என்றாள் உன் அண்ணி. "இருங்க தங்கச்சி, இதுங்க காத்தாடணும்" என்றார். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார். "இந்த வளைவைப் பாருங்க மச்சான், செஞ்சவன் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்." வெகுநேரம் பார்த்தேன். வளைவு வளைவாகத்தான் இருந்தது.

இதுவரைக்கும் பொறுத்தாச்சு. நேத்து வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வீட்டுக்காரர் வந்தார், பேனாவைக்கூடத் திறந்துட்டார், அதுக்குள்ள நம்ம மாப்பிள்ளை குருவி அலகு மாதிரி வாய் வச்ச கிளாம்பைக் கொண்டுவந்து "பிடி எப்படி இருக்குன்னு விரலை வச்சுப் பாருங்க சார்"னார், அந்த மனுஷனும் வச்சார், இவரும் திருகினார். பிடி நன்றாகவே இருந்தது. கழட்டலாம்னு நான் திருகினா இன்னும் இறுகுது, உன் அண்ணி எண்ணெய் விட்டுத் திருகினா அதுக்கு மேல இறுகுது, வீட்டுக்காரர் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் ரம்பத்தோடயே வந்துட்டார்.

அப்போதுதான் மாப்பிள்ளை குறுக்கே விழுந்தார்.

"அறுக்காதீங்க. இதுக்கு ஜோடியே கிடையாது."

"அப்ப என் விரலு?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு இன்னும் ஒன்பது இருக்கு சார்."

எலக்ட்ரீஷியன் கிளாம்பின் மேல் ரம்பத்தை வைத்த பிறகே உண்மை வெளிவந்தது. அந்தக் கிளாம்புக்கு மரை தலைகீழாக வெட்டியிருக்கிறதாம். கழட்ட வேண்டுமானால் வழக்கமாக இறுக்குகிற பக்கம் திருக வேண்டுமாம்.

"முதல்லயே சொல்றதுக்கென்ன மாப்பிள்ளை?"

"யாராவது கேட்டீங்களா மச்சான்?"

வீட்டுக்காரர் வீங்கிய விரலை வாயில் வைத்துக்கொண்டே பேசினார். நான் கேட்டதை அப்படியே தருகிறேன்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு அவர் போகணும், இல்ல நீங்க போகணும். அதுவரைக்கும் கையெழுத்து கிடையாது."

ஆகவே தங்கச்சி, இரண்டைச் சேர்த்துப் பிடிப்பதற்கென்றே பிறந்த சாமான் உங்கள் இருவரையும் பிரித்தது போதும். அவரை அழைத்துக்கொள். இல்லாவிட்டால் இந்த வயதில் நாங்கள் வீடு தேடி அலைய வேண்டும். "புது நட்டும் நல்லாத்தான் இருக்கு" என்று உன்னிடம் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். காலையிலிருந்து பழக்கிக்கொண்டிருக்கிறேன். "நல்லாத்தான்" வரை வந்துவிட்டார்.

நீ நூறாண்டு வாழ்க. உன் கோபம் சனிக்கிழமையோடு முடிக.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வீட்டுக்காரர் வந்தார். விரலில் கட்டு, கக்கத்தில் துணி மூட்டை. அவருடைய அப்பாவின் பட்டறைக் கிளாம்புகளாம், பரணில் கிடந்தனவாம். இருவரும் தரையில் பரப்பி உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தம் இப்போது கையெழுத்தாகிவிட்டது, மாப்பிள்ளை பெயரில். முன்னறை முழுக்கக் கண்ணாடி அலமாரி வரப் போகிறதாம். "ஞாயித்துக்கிழமைன்னு சொன்னது சொன்னதுதான் சார்" என்றார் வீட்டுக்காரர் என்னிடம், மரியாதையாகவே. ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு. மாப்பிள்ளை வரவில்லை, உன் அண்ணியும் நானும் வருகிறோம். எவ்வளவு நாளைக்கு என்று மட்டும் கேட்காதே.