விளக்கு வைக்கும் நேரத்தில் நூற்று நாற்பத்து மூன்று கேள்விகள்

கரமனை,
புதன்கிழமை.

சிரஞ்சீவி மருமான் மஹேஷுக்கு மாமா ஸ்ரீனிவாசன் அநேக ஆசீர்வாதம். இங்கே உன் மாமியின் முட்டுவலி தவிர எல்லோரும் சௌக்கியம். உன் உத்தியோகத்தையும் உடம்பையும் பத்மநாப ஸ்வாமி காப்பாற்றட்டும். போனில் சொன்னால் என் பெண் மீரா காதில் விழும், ஆகையால் கடிதம்.

நேற்று சாயங்காலம் உங்கள் ஆபீஸ் சோதனை மெஷின் படுத்ததற்கு மீரா காரணமில்லை, நான்தான். வெள்ளிக்கிழமை அவள் வேலையை நிரந்தரமாக்குவதா என்று நீதான் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கு முன் இதைப் படி.

கம்ப்யூட்டருக்கே உயிர்நாடி என்கிறீர்களே, அந்தக் கெர்னலுக்கு என்னென்ன சோதனை வைப்பது என்று அவள் வீட்டிலிருந்தே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். பாதியில் குளிக்கப் போனாள். ஸ்கிரீனில் கேள்வி நிற்கிறது: இந்தச் சோதனை வேண்டுமா? y என்றால் கெர்னலோடு ஒட்டிவிடும், n என்றால் வேண்டாம், m என்றால் தனி மாட்யூலாக இருக்கும், வேண்டும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒருநாள் அவளே சொல்லியிருக்கிறாள். குழந்தைக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று உட்கார்ந்தேன். மாமி விளக்கேற்றுகிறாள். அந்த நேரத்தில் நம் வீட்டில் 'இல்லை', 'வேண்டாம்' என்று யாராவது சொல்வோமா? உப்பு தீர்ந்தாலே 'நிறைஞ்சிருக்கு' என்கிற குடும்பமாச்சே! அதனால் n பக்கம் விரலே போகவில்லை. y என்று வாக்குக் கொடுக்கவும் பயம். m, m, m என்று நூற்று நாற்பத்து மூன்று தரம் தட்டினேன். நடுவில் ஒன்று, 'தெரியாவிட்டால் n சொல்லவும்' என்றது. முப்பத்திரண்டு வருஷம் பத்திர ஆபீசில் குப்பை கொட்டினவனைப் பார்த்து! அதற்கு மட்டும் m-ஐக் கொஞ்சம் ஓங்கியே தட்டினேன்.

மீரா வந்தாள், எல்லா மாட்யூலையும் ஆபீஸ் மெஷினில் ஒரே கட்டளையில் ஏற்றினாள். அதில் ஒன்று கெர்னலைச் சாய்ப்பதற்கென்றே எழுதினதாம். வேண்டுமென்றே! அதற்கும் ஒருத்தன் சம்பளம் வாங்குகிறான்! உடனே மெஷின் ரூம் பத்மகுமார் போனில், "மீரா, மெஷின் போயி கேட்டோ! பதினோரு பேரோட பணி முடங்கி!" என்று மலையாளத்தில் அலறினார். அவள் என்னைப் பார்த்து, "அப்பா, நீங்க ஏதாவது தொட்டேளா?" என்றாள். "நானா? சிவ சிவா!" என்றேன். பாவி நான். அவள் ராத்திரி சாப்பிடவே இல்லைடா மஹேஷ். தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடு.

அக்கா லலிதாம்பாளுக்கு என் நமஸ்காரம். ஸ்மிதாவுக்கும் குழந்தைக்கும் ஆசி. மற்றவை நேரில்.

இப்படிக்கு,
ஸ்ரீனிவாசன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது மீரா குதித்துக்கொண்டு வந்தாள். சாய்ந்த மெஷின் தானாக எழுந்திருக்க வேண்டுமாம், எழவில்லையாம், ஆறு மாசமாக நீங்கள் தேடின கோளாறு அதுதானாம். "அந்த மாட்யூலை ஏத்தற தைரியம் யாருக்கு வந்தது?" என்று நீ கேட்டதற்கு, "எனக்குத்தான் அத்தான்" என்றாளாம். வேலையும் நிரந்தரமாம். ஆகவே மேலே எழுதினது அத்தனையும் பச்சைப் பொய். நான் எதையும் தொடவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போடு. கிழிக்குமுன் ஒரே ஒரு தரம் உரக்க வாசி, உன் அம்மா கேட்கட்டும். தம்பிக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.