பிளக் வழியே வரும் பித்ருக்கள்

ஆடி அமாவாசைக்கு ஒரு வாரம் முந்தியே குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போகும் சாலையில் பந்தல் போட்டாகிவிட்டது. சுவர் கண்ட இடமெல்லாம் சுவரொட்டி. 'கணினிச் சித்தர் எழுந்தருளியிருக்கிறார்! உங்கள் தர்ப்பணம் முன்னோருக்குப் போய்ச் சேர்ந்ததா? அவர்கள் குரலிலேயே கேளுங்கள்!'

இத்தனை காலமும் ஜனங்கள் தாமிரபரணியில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். போய்ச் சேர்ந்ததற்கு யாரும் ரசீது கேட்டதில்லை. இப்போது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது. மூடத்தனம் மட்டும் பின்தங்கலாமா? அதுவும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டது.

திரைக்குக் குங்குமப் பொட்டு. கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வயர். வயரின் நுனியில் சந்தனம் பூசிய சின்னப் பெட்டி. பெட்டியிலிருந்து ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். செத்தவர் சம்பந்தப்பட்ட பொருளைப் பெட்டிமேல் வைக்க வேண்டும். சித்தர் கண்ணை மூடுவார். ஒரு கை மேஜைக்குக் கீழே போகும். உடனே ஸ்பீக்கர் 'ம்ம்ம்ம்ம்' என்று முனகும். கேள்வி கேட்டபடி மவுஸை அசைப்பார். முனகலோடு 'கிர்ர்' என்று ஒன்று சேரும்.

"பார்த்தீரா? பதில் சொல்லுதாரு! பசியோட இருக்காரு!"

பசிக்குப் பரிகாரம் உண்டு. பரிகாரத்துக்குக் கட்டணம் உண்டு.

விக்கிரமசிங்கபுரம் மில்லில் நூல் நூற்ற அப்பனும், உடன்குடியில் கருப்பட்டி காய்ச்சிய பாட்டனும், பள்ளிக்கூடம் நடத்திய மாமனாரும் ஒரே குரலில் முனகினார்கள். செத்தபின் எல்லோருக்கும் பொதுவாக ஒரே தொண்டைதான் போலிருக்கிறது என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். வசதியான வீட்டு ஆவிக்கு மட்டும் சத்தம் கூடுதல். அதையும் யாரும் கேட்கவில்லை.

இந்த முனகல்தான் தில்லைநாயகம் பிள்ளையின் வீட்டு வாசலேறி வந்தது.

தில்லைநாயகம் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில்கூடச் சாய்ந்து உட்கார மாட்டார். அவர் மகள் சுகிர்தாவைத் தம் பையனுக்குப் பேசி முடித்திருந்த பாளையங்கோட்டை அருணாசலம் வந்து உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடக் கூடாது" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிப்பவர் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதைத்தான் சொல்லப்போகிறார்.

"சொல்லும்."

"பொண்ணு ஜாதகத்தைச் சித்தர் பெட்டிமேல வச்சோம். அதுல உங்க அப்பா பேரும் இருக்குல்லா? முனகின முனகல்ல பந்தலே ஆடிப்போச்சு. உங்க அப்பா ஒரு விதவையோட வயலை ஏமாத்தி எழுதி வாங்கிட்டாராம். சோறு தண்ணி இறங்காம அலையுதாராம். பத்துப் பேரு கூட இருந்து கேட்டாங்க. ஒரு பரிகாரத்தைச் செஞ்சிட்டீங்கன்னா நிச்சயத்தை வச்சிரலாம்."

தில்லைநாயகத்தின் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"எங்க அப்பா ஞானசம்பந்தன் இருந்த காலத்துல ஒருத்தன் அவர் முகத்துக்கு நேரா இந்தப் பேச்சுப் பேசினதில்ல. இப்போ ஒரு பெட்டி சொல்லுது, நீர் கேட்டுட்டு வாரீரு."

"பரிகாரந்தான அண்ணாச்சி? ஒரு நாள் சோலி."

"பரிகாரம் செஞ்சா, அவர் களவாண்டார்னு நானே ஒத்துக்கிட்டதா ஆகும். எம் பொண்ணு வீட்டுலயே இருந்தாலும் இருக்கட்டும். செய்ய மாட்டேன்."

உள்ளேயிருந்து சுகிர்தா வந்தாள். வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் சொல்லிக்கொடுக்கிறவள்.

"என்னைய வீட்டுலயே இருக்கச் சொல்லுததுக்கு முன்னால, அந்தப் பெட்டியை ஒரு தடவ பாத்துட்டு வரலாம்லாப்பா? எங்க மையத்துலயும் அப்படி ஒண்ணு வந்திருக்கு. கம்ப்யூட்டர் பாட்டை ஸ்பீக்கருக்கு அனுப்புத யுஎஸ்பி பெட்டி. அதுக்குன்னு தனியா கரண்டு கிடையாது, கம்ப்யூட்டர்லேருந்துதான் எடுத்துக்கிடும். சுவத்துக் கரண்டுல இருக்க இரைச்சல் அப்படியே ஸ்பீக்கருக்கு வந்து முனகும். பேட்டரியில ஓடுத கம்ப்யூட்டர்ல மாட்டினா மூச்சுக் காட்டாது."

"அப்போ அது எங்க அப்பா குரல் இல்லைங்கியா?" என்றார் தில்லைநாயகம்.

"தாத்தா என்னைக்காவது முனகியிருக்காரா?"

தில்லைநாயகம் யோசித்தார். ஞானசம்பந்தன் கத்துவார். நாலு தெருவுக்குக் கேட்கும். முனகியதே கிடையாது.

"மடியில வைக்கிற கம்ப்யூட்டர் உம்ம மகன்கிட்ட இருக்குல்லா?" என்று அருணாசலத்திடம் கேட்டார். "அமாவாசை அன்னைக்கு அவரைக் கொண்டாரச் சொல்லும்."

அமாவாசையன்று முங்கி எழுந்த கூட்டம் ஈரத்துணியோடு பந்தலில் நெருக்கியது. தில்லைநாயகம் வந்த வழியில் ஜனங்கள் ஒதுங்கினார்கள். மரியாதையா, பரிதாபமா என்று அவர் பார்க்கவில்லை.

"சாமி, சக்தி எதுல இருக்கு? கம்ப்யூட்டர்லயா, பெட்டியிலயா?" என்று சித்தரிடம் கேட்டார்.

"பெட்டியிலதான். பொதிகைமலைக் குகையில பூசையில இருந்த பெட்டி. கம்ப்யூட்டர் வெறும் வாகனம்." குகையில் இருந்த பெட்டியின் அடியில், கம்பெனிக்காரன் ஒட்டிய சீட்டு சந்தனத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

"வாகனத்தை மாத்தினாலும் அப்பா வருவாருல்லா?"

ஊர் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? "எதுல கூப்பிட்டாலும் வருவாரு" என்றார் சித்தர்.

அருணாசலத்தின் மகன் கார்த்திகேசன் தன் மடிக்கணினியை வைத்தான். அதன் சார்ஜரைப் பந்தலின் பிளக்கில் மாட்டினான். பெட்டியின் வயரை மடிக்கணினியில் செருகினான். சித்தரின் கை மேஜைக்குக் கீழே போனது.

'ம்ம்ம்ம்ம்.'

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சித்தர் முகம் மலர்ந்தது. "கேளுங்க! செஞ்ச பாவத்தை நினைச்சு அழுதாரு!"

தில்லைநாயகம் குனிந்தார். அவர் குனிந்து அந்த ஊர் பார்த்ததில்லை. சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கினார்.

ஸ்பீக்கர் செத்துப்போனது போல அடங்கியது. படித்துறையில் துணி அலசும் சத்தம் கேட்டது.

மாட்டினார். 'ம்ம்ம்ம்ம்.' பிடுங்கினார். கப்சிப்.

"ஏலே, தாத்தா போயிட்டுப் போயிட்டு வாராருலே!" என்றது ஒரு குரல். ஒருவன் சிரித்தான். பத்துப் பேர் சிரித்தார்கள்.

"ஆத்மா இறங்க மின்சக்தி வேணும்!" சித்தர் எழுந்துவிட்டார். "மின்சக்தியை நிறுத்தினா எல்லாமே நின்னுரும்!"

"நிக்கலையே" என்றாள் சுகிர்தா. "ஒரு பாட்டுப் போடுங்க."

கார்த்திகேசன் போட்டான். அதே பெட்டி வழியாக, அதே ஸ்பீக்கரில், துளி முனகல் இல்லாமல் நாகஸ்வரம் பொழிந்தது.

"கம்ப்யூட்டர் ஓடுது. பெட்டியும் ஓடுது. பிளக்கைப் பிடுங்கினதும் தாத்தா மட்டும் ஓடிட்டாரு" என்றாள் சுகிர்தா.

தில்லைநாயகம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "எங்க அப்பா பிளக் வழியாத்தான் வருவார்னா, நான் ஏன்வே விடிய எந்திரிச்சு ஆத்துல முங்கணும்? எள்ளையும் தண்ணியையும் கரண்டாபீஸ் வாசல்ல இறைச்சிட்டுப் போயிருப்பேனே!"

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்திருந்த அன்னத்தாய் முன்னால் பாய்ந்தாள். "கம்மலை வித்துல்லா பரிகாரம் பண்ணினேன், பாவிப்பயலே! எம் புருசன் கரண்டா இருந்தான்னா, இத்தன வருசத்துல எங்க வீட்டு விளக்காவது ஒழுங்கா எரிஞ்சிருக்கும்லா?"

மேஜைத்துணியை ஒரே இழுப்பாக இழுத்தாள். கீழே, சித்தர் கை போகும் இடத்தில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. சார்ஜரை மாட்டச் சொல்லித் திருகினாள். பரலோகமே அலறியது. திருப்பினாள். பரலோகம் வாயை மூடியது.

சித்தரின் சொந்தப் பெயர் அப்பாத்துரை. முன்பு மைக் செட் வாடகைக்கு விட்டவன். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியும். கேட்கிறவர்களுக்குத் தெரியாது என்பதும் தெரியும். அடி விழத் தொடங்கியபோது ஆவிகளில் ஒன்றும் அவனுக்கு உதவ வரவில்லை. போலீஸ் ஜீப்தான் வந்தது.

அருணாசலம் தொண்டையைக் கனைத்தார். "அண்ணாச்சி, அப்போ ஆவணியில நிச்சயத்தை..."

"இரும்வே. எங்க அப்பாவைப் பத்துப் பேரு கேக்கப் பேச வச்சீரு, நீரும் வந்து பேசினீரு. இங்கன இருநூறு பேரு நிக்காங்க. அதைத் திரும்ப எடுத்துக்கிடும். பொறவு பேசுவோம்."

அருணாசலம் மகனைப் பார்த்தார். மகன் சார்ஜர் வயரைச் சுற்றுவதில் மும்முரமாக இருந்தான். வேறு வழியில்லை. கூட்டத்தைப் பார்த்து, "ஞானசம்பந்தன் அண்ணாச்சியப் பத்திப் பேசினது தப்பு. அவர் யோக்கியமான மனுசர்" என்றார்.

"கேக்கலை!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இன்னொரு முறை, உரக்கச் சொன்னார்.

தில்லைநாயகம் மகளிடம் கேட்டார். "நீ என்னம்மா சொல்லுத?"

"மாமா இனிமே எந்தப் பெட்டிகிட்டயும் எங்க குடும்பத்தைப் பத்தி விசாரிக்க மாட்டாருன்னா, எனக்குச் சம்மதந்தான்."

கூட்டம் கலைந்தது. 'இவன் போலி; வேற நல்ல சித்தர் யாரும் இருக்காரா?' என்று விசாரித்தபடியே பாதிப் பேர் நடந்தார்கள். செத்துப்போனவர்களால் யோசிக்க முடியாது, அவர்களை விட்டுவிடலாம். உயிரோடு இருக்கும் உங்களுக்கு என்ன வந்தது?