இறக்கை ஓரத்து எறும்புகள்

"ஏங்க, இறக்கை ஓரத்துல எறும்பு ஊருது."

மனைவி நாற்காலியில் சாய்ந்து, கம்ப்யூட்டரோடு இணைத்த அந்தக் கறுப்புப் பெட்டியை முகத்தில் மாட்டிக்கொண்டு, கைகளைக் கட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

"எறும்பா? ஏரோப்ளேன்லயா?"

"ஆமாங்க. வரிசையாப் போகுது. நான் தலையைத் திருப்புனா அதுவும் ஓடுது. எனக்குப் பயமா இருக்கு, நீங்க போட்டுப் பாத்துச் சொல்லுங்க."

லென்ஸ்காரர் எழுந்தார். அச்சகத்தில் அவருக்கு அதுதான் பெயர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். அச்சாகி வரும் முதல் தாளை அதன் அடியில் வைத்துப் பார்த்து, நிறம் மயிரிழை விலகியிருந்தாலும் மெஷினை நிறுத்தச் சொல்லிவிடுவார். அவர் தலையாட்டாமல் ஒரு காலண்டர்கூட அங்கிருந்து வெளியே போனதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரின் வீட்டுக்குள்ளேயே ஒரு இறக்கையில் எறும்பு ஊர்ந்தால் சும்மா விடுவாரா?

பெட்டியை வாங்கி மாட்டிக்கொண்டார். ஒரு கை தானாகப் போய் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தது. பெட்டிக்குள் தெரிந்த விமானம் அப்போது தரையில்தான் நின்றுகொண்டிருந்தது.

எறும்பு எதுவும் இல்லை. இறக்கையின் விளிம்பு நேர்கோடாக இல்லாமல் படிப்படியாக வெட்டுப்பட்டிருந்தது. தலையை அசைத்தால் அந்தப் படிகள் மினுமினுவென்று நகர்ந்தன.

"மட்டமான பிரிண்டிங்," என்றார் லென்ஸ்காரர். "இதைச் சரி பண்ணாம விட்டா நான் மனுஷனே இல்ல."

இந்தக் கூத்துக்குக் காரணம் மகள். கல்யாணமாகிக் கடல் கடந்து போனவள், இப்போது மாசமாக இருந்தாள். தலைப்பிரசவம். "நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கணும். ஒருத்தர் வந்து ஒருத்தர் வராம இருக்கிற கதையெல்லாம் வேண்டாம்," என்று வீடியோ போனில் கண்ணைக் கசக்கினாள்.

லென்ஸ்காரர் அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. பயமா? சேச்சே! காது அடைக்கும் என்பார். இடுப்பு பிடிக்கும் என்பார். ஒருமுறை கண்காட்சியில் புது மெஷின் பார்த்துவர முதலாளி விமான டிக்கெட்டே எடுத்துக் கொடுத்தார். ரயிலில் போனால் வழியெல்லாம் வேடிக்கை பார்க்கலாமே என்று இவர் ரயிலேறினார். போய்ச் சேர்ந்தபோது கண்காட்சி முடிந்து, மேசை நாற்காலிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மகள் கூப்பிட்டதும் அவர் காதைத் தடவினார். "அது வந்து பாப்பா, என் காது..." என்று அவர் இழுப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"ஐயோ, ஏரோப்ளேனா? நெனச்சாலே கை காலெல்லாம் உதறுதுடி! நான் ஏறவே மாட்டேன்."

லென்ஸ்காரருக்கு அவளை அப்படியே தூக்கிச் சுற்றலாம் போலிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருக்குச் செய்த உதவிகளிலேயே இதுதான் பெரியது. முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"நான் ரெடிம்மா. இப்பக் கூப்பிட்டா இப்பவே பெட்டியத் தூக்கிடுவேன். உங்கம்மா இப்படிப் பயந்து சாகுறாளே, நான் என்ன பண்ணட்டும்?"

மாப்பிள்ளை திரைக்குள் தலையை நீட்டினார். "இவ்வளவுதானா மாமா? கம்ப்யூட்டர்ல ஏரோப்ளேன் ஓட்டுற விளையாட்டு இருக்கு. வி.ஆர். ஹெட்செட்ட மாட்டிக்கிட்டா நிஜமாவே உள்ள உக்காந்த மாதிரி இருக்கும். சுத்தி எங்க திரும்பினாலும் வானம்தான். அத்தை தினம் கொஞ்ச நேரம் பழகுனா பயம் தானாப் போயிரும். நான் அனுப்பி வைக்கிறேன்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவருக்குத்தான் பயமே இல்லையே.

பார்சல் மறுநாள் காலையிலேயே வாசலில் வந்து நின்றது. அவ்வளவு பெரிய கடலைத் தாண்டி ஒரே ராத்திரியில்! இந்தக் காலத்து கூரியர்காரர்களின் வேகத்தை லென்ஸ்காரர் அச்சகம் முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

எறும்பை ஒழிக்க வழி கேட்டபோது, "ரெசல்யூஷனை, அதான் படத்தோட துல்லியத்தை, லேசா ஏத்திப் பாருங்க மாமா," என்றார் மாப்பிள்ளை. லென்ஸ்காரர் அகராதியில் லேசாக என்ற வார்த்தையே கிடையாது. கடைசி முனை வரைக்கும் ஏற்றினார். விளிம்பு கத்தியால் வெட்டியது போல ஆனது. விமானத்துக்குள் இருந்த ஒவ்வொரு எழுத்தும் கல்யாணப் பத்திரிகை மாதிரிப் பளிச்சென்று தெரிந்தது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

மனைவி போட்டுப் பார்த்தாள். "எறும்பு போயிருச்சு. ஆனா நான் திரும்பி முடிச்சப்புறம்தான் வானம் மெதுவாத் திரும்புது. வயித்தப் பிரட்டுதுங்க. எனக்கு மட்டும்தான் இப்படியா, இல்ல எல்லாருக்குமான்னு தெரியல. நீங்க கொஞ்சம் மேல போய்ப் பாருங்களேன்."

"மேலயா?"

"தரையில நின்னா எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. விமானத்தை விளையாட்டே ஓட்டிக்கொள்ளும். ஏறி உட்கார்ந்தால் போதும். லென்ஸ்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆகாயத்தில் ஏறினார். இறங்கிவந்து நேராகக் குளியலறைக்குப் போனார்.

"கம்ப்யூட்டர்ல படம் வரையுற கார்டு திணறுது மாமா," என்றார் மாப்பிள்ளை. "நொடிக்குத் தொண்ணூறு படம் வரையணும். நீங்க ஏத்தி வச்சதுல அதால பாதிகூட வரைய முடியல. தலை திரும்புது, படம் பின்னாடி நொண்டிக்கிட்டு வருது. கண்ணு ஒண்ணு சொல்லுது, பேலன்ஸ் பாக்குற காது ஒண்ணு சொல்லுது, நடுவுல மாட்டிக்கிட்டு வயிறு முழிக்குது."

இது லென்ஸ்காரருக்குச் சட்டென்று புரிந்தது. மெஷினை வேகமாக ஓட்டினால் மை ஈஷும், சுத்தமாக வேண்டுமென்றால் நிதானமாக ஓட்ட வேண்டும். ஆனால் வேகமும் வேண்டும், சுத்தமும் வேண்டும் என்று அடம்பிடிக்கிற வாடிக்கையாளர் இப்போது அவர் வீட்டிலேயே இருந்தாள்.

மேகத்தைக் குறைத்தார். படம் சீராக ஓடியது. மனைவி பெட்டியைக் கழற்றிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"வானம் துடைச்சுவிட்ட மாதிரி இருக்கே. நிஜத்துல மேகம் இருக்காதா? மேகத்துக்குள்ள போகாம எனக்குப் பயம் எப்படித் தெளியும்?"

மேகத்தைத் திரும்ப வைத்துவிட்டு, பாதிப் படத்தை வரைந்து மீதியை ஊகித்து நிரப்பிக்கொள்ளும் வித்தை ஒன்றைப் போட்டார். இப்போது விமானத்தின் முன்னால் சுழல்கிற விசிறி ரப்பர் போல வளைந்தது. ஓடுபாதை விளக்குகள் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்தன. "இறங்கும்போதும் இப்படித்தானா? நீங்க இறங்கிப் பாத்துச் சொல்லுங்க," என்றாள் மனைவி. அவர் இறங்கிப் பார்த்தார். இறங்கும்போது இன்னும் மோசம்.

பிறகு கம்ப்யூட்டர் கொதிக்கிறது, அதனால்தான் திணறுகிறது என்று யாரோ எழுதியதைப் படித்தார். பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் போட்டு, உள்ளே காற்று போகும்படி மேசை விசிறியைத் திருப்பி வைத்தார். கூடத்து விசிறியையும் கொண்டுவந்தார். எல்லா அளவுகளையும் உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, பெட்டியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அற்புதம்! மேகம் மேகமாக இருந்தது. விமானத்து விசிறி விசிறியாகச் சுற்றியது. வீட்டுக் கூரைகளுக்கு மேலே தாழ்ந்து வந்து, ஓடுபாதை எதிரே தெரிந்த அந்த நேரம் பார்த்து, மனைவி பக்கத்து அறையில் துணி தேய்க்க இஸ்திரிப் பெட்டியைப் போட்டாள்.

வீட்டில் மொத்த மின்சாரமும் போனது.

"விழுறோம்! விழுறோம்! எதையாவது பிடிச்சுக்கோ!"

அவர் ஜன்னல் திரையைப் பிடித்தார். திரை கம்பியோடு வந்தது. கம்பி விசிறி மேல் விழுந்தது, விசிறி அவர் மேல் விழுந்தது.

கீழ்வீட்டுக்காரர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "என்ன ஆச்சு? எங்க வீட்டு விளக்கெல்லாம் ஆடுது!"

திரைக்குள்ளிருந்து லென்ஸ்காரரின் குரல் வந்தது. "ஒண்ணுமில்ல சார். எங்க வீட்டம்மாவுக்கு ஏரோப்ளேன்னா பயம். அது போகப் பயிற்சி குடுத்துக்கிட்டு இருக்கோம்."

கீழ்வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். வீட்டம்மா கையில் இஸ்திரிப் பெட்டியோடு வாசற்படியில் நின்றாள். பிறகு குனிந்து, தரையில் திரைக்குள் சுருண்டிருந்த உருவத்தைப் பார்த்தார்.

"ஆமாமா, ரொம்பத்தான் பயந்திருக்காங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

லென்ஸ்காரர் பெட்டியைத் தூக்கி அலமாரி மேல் வைத்தார். "இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது. முடியலன்னு பாப்பாகிட்ட சொல்லிடுவோம். உன்னால முடியாததுக்கு நீ என்ன பண்ணுவ?"

மனைவி தேய்த்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். "என் பயத்தால அவ அங்க ஆஸ்பத்திரியில தனியாக் கிடக்கணும்," என்றாள். குரல் உடைந்திருந்தது.

மகள் தும்மினாலே ஆபீசுக்கு லீவு போட்ட அப்பா அவர். நெஞ்சை என்னவோ செய்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் அதை யாரிடம் சொல்வது? நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து பெட்டியை எடுத்தார்.

இந்தத் தடவை அச்சகத்து வழியிலேயே போனார். எல்லாவற்றையும் பழையபடி நடுவில் கொண்டுவந்து வைத்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினார். மாற்றிவிட்டு ஒருமுறை பறந்து பார்த்தார். நன்றாக இருந்தால் விட்டார், இல்லாவிட்டால் திருப்பி வைத்தார். தூரத்து மரங்களைக் குறைத்தார், யார் அதை எண்ணப் போகிறார்கள்? மேகத்தை நடுத்தரமாக வைத்தார். மாற்றங்கள் நிறைய, ஆகவே பறப்பதும் நிறைய ஆயிற்று. இவ்வளவுக்குப் பிறகும் அவருக்கு மட்டும் எல்லாம் ஒரு சாயல் மங்கலாகவே தெரிந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதில் கடைசியாகக் காரணம் அகப்பட்டது.

"பெட்டிக்குள்ள ரெண்டு லென்ஸுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை உன் கண்ணுக்குத் தக்கபடி வச்சிருக்கேன். என் கண்ணுக்கு அது பத்தல. அதான் விஷயம்."

"அப்ப உங்க கண்ணுக்கே வச்சுக்கோங்க," என்றாள் மனைவி. "பாத்துச் சொல்றவருக்குத்தானே தெளிவாத் தெரியணும்?"

அதுவும் சரிதான் என்று அவருக்குப் பட்டது. பெட்டியின் திருகாணியை ஒரு நூல் நகர்த்தினார். அவ்வளவுதான். ஆற்றில் படகு பளபளத்தது, மலை மலையாக நின்றது, தலையைச் சட்டென்று திருப்பினாலும் வானம் கூடவே வந்தது. லென்ஸ்காரர் இறங்காமல் இன்னொரு சுற்று சுற்றினார்.

அதன் பிறகு ஆபீஸ் விட்டு வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிப்பாள், பட்டன் தைப்பாள்.

"எங்க இருக்கீங்க?"

"மேகத்துக்கு மேல. சூரியன் இறங்குது. அடடா, என்ன அழகு!"

"ஆடுதா?"

"லேசா. மேடு பள்ளத்துல பஸ் போற மாதிரி. அதுபாட்டுக்கு ஆடிட்டுப் போகட்டுமே, ஒண்ணும் ஆகாது."

"மழையில எப்படின்னு பாருங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் எனக்குத் தைரியம் வரும்."

மழையில் போனார். பக்கவாட்டுக் காற்றில் இறங்கினார். கை எப்போது கைப்பிடியை விட்டது என்று அவருக்கே தெரியாது. மனைவி மட்டும் பெட்டியைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டே வந்தாள். நீங்க சொல்றதைக் கேட்டாலே எனக்குப் பாதி பயம் போயிருது என்றாள்.

ஒருநாள் சாப்பிட்டு முடித்து எழும்போது, "எனக்குத் தைரியம் வந்துருச்சுங்க, போகலாம்," என்றாள்.

லென்ஸ்காரருக்குப் பகீரென்றது. காதைப் பற்றிச் சொல்லலாமா, இடுப்பைப் பற்றிச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தார். "டிக்கெட் போடச் சொல்லு," என்று வந்தது. சொன்னது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

நிஜ விமானத்தில் மனைவிக்குத் தைரியம் கொஞ்சம் அளவுக்கு மீறியே வந்துவிட்டிருந்தது. பெல்ட்டைப் போட்டதும் தூங்கிப்போனாள். லென்ஸ்காரர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். ரெசல்யூஷன் பிரமாதம். மேகத்தை உச்ச அளவில் வைத்தும் ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை. யாரோ விஷயம் தெரிந்தவன்தான் வைத்திருக்கிறான் என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டிருந்தபோது, விமானம் ஒரு குலுக்கு குலுக்கியது. அடுத்த குலுக்கலில் அவர் இருக்கையை விட்டு எழும்பி உட்கார்ந்தார். நாற்காலி அடியில் வீட்டுத் தரை இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

பணிப்பெண்ணைக் கூப்பிடும் பொத்தானை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார்.

"என்ன சார் வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா. இவங்களுக்குத்தான். முதல் தடவையா ஏறியிருக்காங்க, ரொம்பப் பயம். கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்க, பாவம்."

பணிப்பெண் குறட்டை விட்டுக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தாள். கைப்பிடியில் பதிந்திருந்த அவருடைய விரல்களைப் பார்த்தாள். போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"நீங்க குடிங்க சார். 'ரெண்டு மாசமா நான் பயந்த மாதிரி நடிச்சு இவரை இதுவரைக்கும் கொண்டு வந்து சேத்திருக்கேன், நடுவழியில இறங்கணும்னு கேட்டா மட்டும் விட்டுறாதீங்க'ன்னு இந்தம்மா ஏறும்போதே எங்கிட்ட சொல்லிட்டாங்க."